இசைப் பட்டத்தின் கதவு ஆறாம் வகுப்பில் திறக்கிறது: நம் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அம்மா அவர்களுக்கும், தலைமை ஆசிரியர் ஐயா அவர்களுக்கும், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சென்ற மாதக் கூட்டத்தில் நீங்கள் எடுத்த முடிவை என் மகன் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வரும் ஜூன் முதல் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை வாரத்தில் இரண்டு இசைப் பாடவேளைகள் இருக்காது. அந்த நேரம் கணக்குக்கும் அறிவியலுக்கும் சிறப்பு வகுப்பாகப் போகிறது. ஆர்மோனியம், சுருதிப் பெட்டி, இரண்டு வயலின் எல்லாவற்றையும் பழைய நாற்காலிகள் போட்டு வைத்திருக்கும் அறையில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. ஆண்டு விழாவுக்கு மட்டும் எடுப்பார்களாம். "பாட்டு டீச்சர் இனிமே வரமாட்டாங்களாம்மா?" என்று ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பிள்ளை கேட்டான். நான் அதே பள்ளியில் படித்தவள். இசையில் பட்டம் வாங்கி, அதை வைத்துப் பிழைக்கிறவள். அவனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

இதோடு நின்றிருந்தால் நேரில் வந்து பேசியிருப்பேன். போன வாரம் நடந்த இன்னொன்றால்தான் ஊர் படிக்கும்படி எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று வருடமாக மாலையில் என்னிடம் பாட்டு கற்க வருகிறாள். அவளுடைய உயர்கல்வி விருப்பப் படிவத்தின் நகலை எடுத்து வந்து காட்டினாள். முதல் விருப்பம் என்ற கட்டத்தில் 'இளங்கலை இசை, வாய்ப்பாட்டு' என்று அவள் எழுதியிருந்த இடத்தில் வெள்ளை மை தடவி, அது காய்வதற்குள் மேலே 'பி.காம்.' என்று எழுதியிருக்கிறார்கள். எழுத்து ஊறிப் பரவியிருந்தது. வெள்ளைக்கு அடியில் 'இசை' என்பதன் கொம்பு மட்டும் மெலிதாகத் தெரிந்தது. எழுதியது அவள் கை இல்லை. வழிகாட்டல் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவளிடம் சொல்லப்பட்டது இது: "பாட்டுக்கு எதுக்கும்மா டிகிரி? உங்கப்பாதான் பம்பை அடிக்கிறாரே, வீட்டிலேயே கத்துக்கலாமே. பக்கத்துக் காலேஜ்ல பி.காம். போட்டுட்டு பஸ் பாஸ்ல போயிட்டு வா."

சொன்னவர் அந்தப் பிள்ளையின் நல்லதை நினைத்தே சொன்னார் என்று நம்புகிறேன். ஆனால் அவர் சொன்னது தவறு. அடுத்தவர் கையெழுத்துக்கு மேல் மை தடவியது அதைவிடப் பெரிய தவறு.

நீங்கள் எடுத்த முடிவும் அந்தப் படிவமும் வேறு வேறு விஷயமாக உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். பி.காம். போகிற பிள்ளைக்குப் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் கணக்குப்பதிவியல் இருக்கிறது. பொறியியல் போகிற பிள்ளைக்குக் கணக்கும் இயற்பியலும் இருக்கின்றன. இசைக்குப் போகிற பிள்ளைக்குப் பள்ளியில் இருந்த ஒரே ஏணி அந்த இரண்டு பாடவேளை. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் இசைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கே மதிப்பெண் பட்டியலோடு முடிவதில்லை. பாடிக் காட்டச் சொல்வார்கள். சுருதி நிற்கிறதா, தாளம் பிசகாமல் போகிறதா என்று பார்ப்பார்கள். அதைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து இரண்டு மாத விடுமுறையில் கற்றுக்கொள்ள முடியாது.

எப்படிக் கற்றோம் என்று சொல்கிறேன். எங்கள் பாட்டு டீச்சர் செவ்வாயும் வெள்ளியும் வருவார். ஆறாம் வகுப்பில் மாயாமாளவகௌளை இராகத்தில் ஸ்வரப் பயிற்சிகளான சரளி வரிசை, ஜண்டை வரிசை. ஏழில் தாட்டு வரிசையும் ஏழு தாள அலங்காரமும். எட்டில் கீதம். ஒன்பதில் ஸ்வரஜதி. தேர்வு, விடுமுறை, ஆண்டு விழா ஒத்திகை எல்லாம் போக வருடத்தில் ஐம்பது வகுப்பு நடந்தால் பெரிது. பத்தாம் வகுப்பில் பாடவேளை நின்றது. டீச்சர் மாலையில் ஒரு மணி நேரம் இருந்து எங்கள் மூன்று பேருக்கு மட்டும் ஸ்வரஜதிக்கு அடுத்த படியான வர்ணம் சொல்லிக்கொடுத்தார். மூன்று பேரில் இரண்டு பேர் கல்யாணம் ஆகிப் போய்விட்டார்கள். நான் மட்டும் கல்லூரிக்குப் போனேன்.

2006இல் திருவையாறு அரசு இசைக் கல்லூரியின் நேர்முகத் தேர்வுக்கு அப்பாவோடு போனேன். அப்பாவுக்குப் பட்டுப்புழு வளர்ப்பு. அந்தத் தடவை கூடு விற்ற பணத்தை அப்படியே மடியில் கட்டிக்கொண்டு வந்தார். சேலம், திருச்சி, தஞ்சாவூர் என்று பஸ் மாறி மாறிப் போனோம். ஒகேனக்கலில் பாறைக்கு நடுவே குதிக்கிற காவிரியை மட்டுமே பார்த்திருந்த எனக்கு, அதே காவிரி அங்கே சத்தமில்லாமல் அகலமாகக் கிடந்தது ஆச்சரியமாக இருந்தது. உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்ன சுருதி என்றார்கள். ஐந்தரைக் கட்டை என்றேன். மோகன இராக வர்ணத்தை இரண்டு காலத்திலும், அதாவது இரண்டு வேகத்திலும், பாடச் சொன்னார்கள். இரண்டாம் காலத்தில் தாளம் போட்ட கை நடுங்கியது, ஆனால் விடவில்லை. இடம் கிடைத்தது.

எனக்கு முன்னால் நின்ற பையன் சேலம் பக்கத்து ஊர்க்காரன். வெளியே மரத்தடியில் அவன் ஒரு பக்திப் பாட்டைப் பாடினான். நாங்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டோம். என் குரலை அவன் குரலுக்குப் பக்கத்தில் வைக்கவே முடியாது. உள்ளே போனதும் ஒரு ஜண்டை வரிசை பாடு என்றார்களாம். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. அவன் பள்ளியில் பாட்டு டீச்சர் இருந்ததே இல்லை. வெளியே வந்து, "இதெல்லாம் எங்க கத்துத் தராங்க அக்கா?" என்று என்னைத்தான் கேட்டான். இருபது வருடம் ஆகப்போகிறது. அவன் முகம் எனக்கு மறக்கவில்லை. ஜூன் முதல் நம் பள்ளியிலிருந்து போகிற ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பையன் நின்ற இடத்தில்தான் நிற்கப் போகிறது.

இன்னொன்று. எட்டு, ஒன்பதாம் வகுப்பில் பையன்களுக்குக் குரல் உடையும். அதுவரை மேல் ஷட்ஜத்தை, அதாவது உச்சத்தில் வரும் 'ஸ'வை, சுலபமாகத் தொட்டவனுக்குத் திடீரென்று குரல் கரகரக்கும். இனி பாட்டு வராது என்று நினைத்து அப்படியே விட்டுவிடுவான். சுருதியைக் குறைத்துக்கொள், கத்தாதே, கொஞ்ச நாளில் குரல் ஒரு இடத்தில் நிற்கும் என்று சொல்ல அந்த வயதில் ஒரு ஆள் வேண்டும். நீங்கள் நிறுத்தியிருப்பது சரியாக அந்த வருடங்களை.

கணக்குக்கு நேரம் வேண்டும் என்பது உங்கள் வாதம். கணக்கு வேண்டாம் என்று எந்தத் தாயும் சொல்லமாட்டாள். ஆனால் இசையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். ஏழு ஸ்வரத்தில் ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாதவை. ரிஷப காந்தாரம் இரண்டும் சேரும் வகை 6. தைவத நிஷாதம் சேரும் வகை 6. மத்திமம் 2. ஆறை ஆறால் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கினால் 72. அதுதான் 72 மேளகர்த்தா, அதாவது தாய் இராகங்கள். ஏழு தாளத்தை ஐந்து ஜாதியால் (தாளத்தின் எண்ணிக்கை வகை) பெருக்கினால் 35 தாளம். இதை நான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விரல் விட்டு எண்ணிக் காட்டியிருக்கிறேன். வரிசை மாற்றமும் சேர்மானமும் மேல்வகுப்பில் பாடமாக வரும்போது அந்தப் பிள்ளைகளுக்கு அது புதிதாக இருக்காது.

பட்டப் படிப்பிலும் வெறும் பாட்டு மட்டும் இல்லை. பண்களும் இராகங்களும் எப்படித் தொடர்புபடுகின்றன, குடுமியான்மலைக் கல்வெட்டில் ஸ்வரங்களை எப்படி வெட்டி வைத்தார்கள், தம்பூராவின் ஒரு நரம்பு அதிரும்போது அதற்குள் இன்னும் எத்தனை ஒலி கேட்கிறது என்று எல்லாமே படித்தோம். எழுத்துத் தேர்வு உண்டு, செய்முறைத் தேர்வு உண்டு. மூன்று வருடத்தில் நான் நிரப்பிய நோட்டுகள் இன்னும் வீட்டுப் பரணில் இருக்கின்றன. வந்து பாருங்கள்.

சரி, படித்து முடித்தால் வேலை இருக்கிறதா என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வி நியாயமானது. பெற்றோர்களிடம் நானும் எதையும் மறைப்பதில்லை. அரசுப் பள்ளிகளில் இசை ஆசிரியர் பணி அடிக்கடி வராது. 2012இல் மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். இசை சொல்லிக்கொடுப்பவர்களும் அதில் சேர்ந்தார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடியதைப் பார்த்துத்தான் நான் தனியார் பள்ளிக்குப் போனேன். பகலில் அந்தப் பள்ளி, மாலையில் வீட்டு வகுப்பு. பெரிய வருமானம் என்று சொல்லமாட்டேன். வீட்டு வாடகையும் பிள்ளை படிப்பும் அதில்தான் நடக்கிறது.

ஆனால் வழியே இல்லை என்பது பொய். கேந்திரிய வித்யாலயாவில் தொடக்க நிலை இசை ஆசிரியர் வேலைக்கு இசையில் இளங்கலைப் பட்டம்தான் தகுதி. முதுகலை முடித்தால் யு.ஜி.சி. நெட் தேர்வை இசையிலேயே எழுதலாம், கல்லூரி ஆசிரியர் ஆகலாம். ஏதாவது ஒரு பட்டம் போதும் என்று கேட்கிற அரசுப் பணித் தேர்வுகளுக்கு இசைப் பட்டமும் பட்டம்தான். பி.காம். படித்தவர் எழுதுகிற அதே குரூப் 2 தேர்வை இசை படித்தவரும் எழுதலாம். அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைக்குக் கிடைக்கும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், இசைப் பட்டம் படிக்கிறாள் என்பதற்காக நின்றுவிடாது. இதில் ஒன்றுகூட அந்த வழிகாட்டல் கூட்டத்தில் சொல்லப்படவில்லை. அங்கிருந்த யாருக்கும் தெரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். தெரியாத ஒன்றை ஒரு பிள்ளைக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பாடுகிற எல்லாரையும் இசைக் கல்லூரிக்கு அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. போன வருடம் ஒரு பையன் என்னிடம் வந்தான். சினிமாப் பாட்டு பிரமாதமாகப் பாடுவான். வரிசை பாடு என்றால் பத்து நிமிடம் உட்காரமாட்டான். நீ வேறு பட்டம் படி, பாட்டைக் கூடவே வைத்துக்கொள் என்று அவன் அப்பாவை வரச் சொல்லி நானேதான் சொன்னேன். மேடையில் பாட, வானொலியில் தேர்வாக, பட்டம் கட்டாயம் இல்லை. கற்றுக்கொடுக்க, ஆராய, வேலைக்கு விண்ணப்பிக்கப் பட்டம் வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் உட்கார்ந்து பேசுவதற்குப் பெயர்தான் வழிகாட்டல்.

இந்த மாணவி அந்தப் பையன் மாதிரி இல்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து, அம்மா சாணம் தெளித்து முடிப்பதற்குள் 'ஆ' என்று நீட்டிப் பாடிப் பழகும் அகார சாதகம் பண்ணுகிறவள். மூன்று வர்ணம் தெரியும். பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடந்தபோது, முகவீணை (நாதஸ்வரம் போன்ற சின்ன ஊதுகுழல்) வாசிப்பவர் எந்த இராகத்தில் போகிறார் என்று என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். மூன்று இடத்தில் சரியாகச் சொன்னாள். நான்காவதில் எனக்கே சந்தேகம்.

அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னது எனக்கு ஆறவே இல்லை. பம்பை அடிக்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு இசை வீட்டிலேயே இருக்கிறது, அதனால் கல்லூரி வேண்டாம் என்கிறீர்கள். மருந்துக்கடை வைத்திருப்பவர் பிள்ளை மருத்துவம் படிக்க ஆசைப்பட்டால் இப்படிச் சொல்வோமா? அவர் பகலில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஆடி, பங்குனி என்று திருவிழாக் காலத்தில் பம்பை தூக்குகிறார். சாமி வரவழைக்கும் அடி வேறு, ஊர்வல அடி வேறு, நடையடி வேறு என்று அவர் கைக்குத் தெரியும். எழுதி வைக்கத் தெரியாது. என் மகளாவது இதைத் தாளக் கணக்கோடு எழுதி வைக்கணும்மா என்று அவர் என்னிடம் சொன்னார். கூத்தும் பம்பையும் இருக்கிற நம் மாவட்டத்திலிருந்து ஒருத்தி போய்ப் படித்து வந்தால், நம் ஊர் வாசிப்பை எழுதிவைக்க ஆள் கிடைக்கும். அதைத்தான் வெள்ளை மை தடவி அழித்திருக்கிறீர்கள்.

தூரம் ஒரு காரணம் என்றால், அதையும் பார்ப்போம். அரசு இசைக் கல்லூரிகள் சென்னை, திருவையாறு, மதுரை, கோவை ஆகிய நான்கு ஊர்களில் இருக்கின்றன. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் 2013இல் அமைந்தது. அந்தக் கல்லூரிகள் அதன் கீழ் வருகின்றன. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் இசை சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளையை விடுதியில்தான் விட வேண்டியிருக்கும். பெண் பிள்ளை என்று தயங்குவது எனக்குப் புரிகிறது. என் அப்பாவும் திரும்பி வரும்போது பஸ்ஸில் சேலம் வரை பேசவே இல்லை. அந்தத் தயக்கத்தை எடுத்துச் சொல்ல வேண்டியது பெற்றோர். படிவத்தில் நாம் முடிவு செய்யக் கூடாது.

பக்கத்திலேயே ஒரு வழி இருப்பதும் நம் பள்ளியில் பலருக்குத் தெரியவில்லை. கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று மூன்று வருடப் படிப்பு. பன்னிரண்டு வயதிலிருந்தே சேரலாம். நாதஸ்வரம், தவில், தேவாரம் மூன்றுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். கல்லூரிக்கு முன்னால் அடித்தளம் போட இதைவிடக் குறைந்த செலவில் இடம் கிடையாது. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட இரண்டு பையன்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். தவில் வாசிக்க ஆசை. அவர்களிடம் இதை நான்தான் போய்ச் சொன்னேன்.

இப்போது உங்களிடம் கேட்பவை.

ஜூன் மாதத்துக்கான அந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள். இரண்டு பாடவேளையும் முடியவே முடியாது என்றால், ஆறு முதல் ஒன்பது வரை ஒன்றாவது நிற்கட்டும். அதோடு விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு மாலை, பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் வகுப்பறையைத் திறந்து வையுங்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு படிக்கிறவர்களும் அதில் உட்காரலாம். ஆள் இல்லை என்றால் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். ஆனால் என்னைக் காரணம் காட்டி ஆசிரியர் இடத்தை எடுத்துவிடக் கூடாது. அதையும் தீர்மானத்தில் எழுத வேண்டும்.

கருவிகளை இந்த வாரமே வெளியே எடுங்கள். பூட்டிய அறையில் ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடிக்கும். வயலின் வில்லின் முடியைப் பூச்சி தின்னும். அந்த இரண்டு வயலினில் ஒன்று எங்கள் பழைய மாணவர்கள் பணம் போட்டு வாங்கிக்கொடுத்தது.

உயர்கல்வி வழிகாட்டலில் இசைக் கல்லூரிகளையும் கிருஷ்ணகிரி இசைப்பள்ளியையும் சேருங்கள். பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் சொன்னால் போதாது. எட்டாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்திலேயே, பாட்டில் நாட்டமுள்ள பிள்ளை இருந்தால் இந்த வயதில் தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள். தகவல்களைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதித் தருகிறேன். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும்.

எந்தப் பிள்ளையின் விருப்பப் படிவத்திலும் பிள்ளையும் பெற்றோரும் தவிர வேறு யாரும் எழுதக் கூடாது என்று ஒரு வரித் தீர்மானம் போடுங்கள். இது இசைக்கு மட்டும் இல்லை.

அடுத்த மாத முதல் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இந்த மடலை எடுத்துப் பேசி, என்ன முடிவு என்று கூட்டப் பதிவேட்டில் எழுதுங்கள். அன்று நானும் வருவேன். மாணவியின் அப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.

ஆனால் அவள் படிவத்தை அந்த வெள்ளிக்கிழமை வரை வைத்திருக்க வேண்டாம். திங்கட்கிழமை காலை அவளைக் கூப்பிட்டுப் புதுப் படிவம் ஒன்றைக் கொடுங்கள். அவளே எழுதட்டும்.

இப்படிக்கு,
பள்ளியின் பழைய மாணவி, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்
தருமபுரி மாவட்டம்